புகழ் பாடிய குரல்

அத்தியாயம் பதினான்கு

"இன்னும் இறுக்கு," என்றான் ஃபலாக்கே.

"இதுக்கு மேல இறுக்கினா விரல் செத்துரும்."

"விரல் சாகட்டும். மணிக்கட்டுதான் முன்னாலேயே செத்துப்போச்சே."

மாசித்தோலே கணவனின் இடது மணிக்கட்டில் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து முடிச்சிட்டாள். வாசலில் நின்ற பெக்கானி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான். அந்த மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வேன் உருளும் சத்தம் கேட்கும்.

போன குளிர்காலத்தில் நடந்தது அது. ஜோஹன்னஸ்பர்க்கில் குடித்து வேலையை இழந்து கிடந்த தம்பியை வீட்டுக்குக் கூட்டிவரப் போனான் அண்ணன். திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்தது. பெக்கானிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஃபலாக்கேயின் இடது மணிக்கட்டு நொறுங்கி, எலும்புகள் தாறுமாறாக ஒட்டிக்கொண்டுவிட்டன. அண்ணன், அண்ணி, தம்பி, இந்த மூவரைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி இது.

மற்றவர்களுக்கு மணிக்கட்டு ஒரு மூட்டு. துகேலா ஆற்றங்கரையில் கம்பு பிடிப்பவனுக்கு அதுதான் கோட்டைக் கதவின் கீல்.

எப்படி என்றால், வலது கையில் இருப்பது அடிகம்பு. அதைக் கொண்டு அடிக்க மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். இடது கையில் இருப்பது காப்புக் கம்பு, கிட்டத்தட்ட ஆள் உயரம். அதை நடுவில் பிடிக்க வேண்டும். பிடித்த விரல்கள் நசுங்காமலிருக்க மாட்டுத்தோல் கேடயம் ஒன்று, சின்னது, கைக்கு முன்னால். அவ்வளவுதான் கவசம். கணுக்காலுக்கு அடி வந்தால் காப்புக் கம்பின் கீழ்நுனி அங்கே இருக்க வேண்டும். அடுத்த நொடி நெற்றிப்பொட்டுக்கு வந்தால் மேல்நுனி அங்கே இருக்க வேண்டும். இந்தத் திருப்பத்தைச் செய்வது மணிக்கட்டு மட்டுமே. மணிக்கட்டு திரும்பாதவன் தோளால் தூக்குவான். தோள் பெரிய சதை, மெல்லத்தான் வரும். முதல் அடியைத் தடுத்துவிடலாம். ஒட்டியபடி வரும் இரண்டாவது அடிக்குத் தோள் போய்ச் சேராது.

ஃபலாக்கே இதை மறைத்த விதம் அழகானது. எப்போதும் அவனே முதலில் பாய்வான். எதிராளிக்கு இரண்டு அடி சேர்ந்தாற்போல் போட நேரமே கொடுப்பதில்லை. ஆவேசம் என்று ஊர் நினைத்தது.

இன்று தங்கை தோபிலேயின் கல்யாணம். கல்யாணம் என்றால் பெண் வீட்டு இளைஞர்களும் மாப்பிள்ளை வீட்டு இளைஞர்களும் கம்பு எடுப்பார்கள். ஃபலாக்கே தன் குலமான ங்குபானே ஆட்களின் கம்புத் தலைவன். தலைவன் களத்தில் இறங்க வேண்டியதில்லை, ஒழுங்கு பார்த்தால் போதும். ஆனால் ஒரு மாதமாக இணையத்தில் மாப்பிள்ளையின் தம்பி வெலாபி அவனைப் பெயர் சொல்லிச் சண்டைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கூப்பிட்டும் வராத தலைவனின் குரலுக்கு எந்த ஆளும் கூடமாட்டான். வந்து தோற்றால் அன்று மாலையோடு தலைமை போயிற்று.

"என்னடா வேடிக்கை?" ஃபலாக்கே எழுந்தான். "வெளிய போய்க் கட்டைவிரலுக்கு வேலை குடு. உனக்குத் தெரிஞ்ச சண்டை அதுதானே."

பெக்கானி மாட்டுப்பட்டியின் வேலிக்குப் பின்னால் போனான். அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும்.

போனில் 'கம்பும் கேடயமும்' குழு காலையிலேயே சூடாக இருந்தது. டர்பன் துறைமுகக்காரர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், கேப் பக்கத்து ஆட்கள், கம்பைத் தொட்டே பார்க்காத கல்லூரிப் பையன்கள், எல்லாரும் அதில் உண்டு.

"கேடயத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு அடிக்கிறது ஒரு ஆட்டமா? எங்க பக்கம் கையில ஒரு போர்வையச் சுத்திக்குவோம். அவ்வளவுதான்," என்று எழுதியிருந்தான் கேப் பக்கத்து ஆள் ஒருவன்.

"அந்தப் போர்வைய உங்கம்மா தேடுறாங்களாம். கொண்டுபோய்க் குடு."

"சங்கிலிக் கட்டை சுத்தினா உங்க ரெண்டு கம்பும் நிக்காது," என்றான் டர்பனில் ஜப்பான் முறை பழகும் ஒருவன்.

"நீ சுத்தின வீடியோ பாத்தோம். ரெண்டு அடி விழுந்துச்சு. ரெண்டும் உன் மண்டையில."

பெக்கானிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் குழுவில் அவன் பெயர் 'முதலை'. ஊர் சொன்னதில்லை, முகம் காட்டியதில்லை. எந்த அடிக்கு எது மாற்று, எந்த மரம் எந்த வெயிலில் விரியும் என்று அவன் எழுதினால் மொத்தக் குழுவும் வாயை மூடிக்கொண்டு படிக்கும். இப்போது கடைவளாகத்தில் காவல் வேலை பார்க்கிற பெக்கானியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலைக்கு மரியாதை இருந்தது.

அந்த மரியாதைதான் வினையாயிற்று. போன வாரம் 'சிவப்புச் சேவல்' என்ற பெயரில் ஒருவன் தனியாக வம்புக்கு வந்தான். "வாய் கிழியப் பேசுறியே, ங்குபானே தலைவனை நீ எப்படிச் சாய்ப்ப, சொல்லு பாப்போம்," என்றான். அன்று காலைதான் அண்ணன் தொலைபேசியில் பெக்கானியைப் பிடி பிடியென்று பிடித்திருந்தான். கோபத்தில் விரல் ஓடவில்லை. பொத்தானை அழுத்திக் குரலிலேயே பேசி அனுப்பிவிட்டான்.

"காலுக்குப் போடு, தடுப்பான். கம்பைப் பின்னால இழுக்காம அப்படியே தலைக்கு ஏத்து. அவனுக்கு இடது மணிக்கட்டு திரும்பாது. பூட்டு அவ்வளவுதான். சாவி உன் கையில."

இப்போது அதே சேவலிடமிருந்து தனிச்செய்தி வந்து கிடந்தது.

"முதலை, மதியம் நான் ங்குபானே தலைவன்கூட இறங்குறேன். ஒரே ஒரு கேள்வி. நீ சொன்ன மணிக்கட்டு சங்கதி நிஜமா? கம்பை இழுக்காம ரெட்டை அடி போட்டா என் விலா முழுக்கத் திறந்து கிடக்கும். நீ விட்டது கதைன்னா நான் காலி."

மதியம் அண்ணனோடு இறங்குபவன் ஒருவன்தான். சேவல் என்பது வெலாபி.

பெக்கானி நேராகக் களத்துப் பக்கம் ஓடினான். ஃபலாக்கே ஆட்களுக்கு நடுவில் நின்று கம்புகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தான். வெடித்ததையும் நுனி கூராகச் சீவியதையும் ஒதுக்கி வைப்பது தலைவன் வேலை.

"அண்ணே, ஒரு நிமிஷம். தனியா வா."

"இங்கயே சொல்லு."

"தனியா சொல்லணும்ணே."

"பாத்தீங்களா," ஃபலாக்கே ஆட்களிடம் திரும்பினான். "ஐயா எனக்குக் கம்பு சொல்லிக்குடுக்க வந்திருக்காரு. போன்ல படிச்சிருப்பாரு. எங்கடா, ஒரு கம்பைப் பிடி. இந்தா. பிடிடா."

பெக்கானி பிடித்தான். ஃபலாக்கே தன் அடிகம்பால் அதை அலட்சியமாக ஒரு தட்டுத் தட்டினான். கம்பு புழுதியில் விழுந்தது. ஆட்கள் சிரித்தார்கள்.

"கம்பு கையை விட்டா பொண்டாட்டி கையை விட்ட மாதிரி. இவன் ரெண்டும் இல்லாதவன். இவனைக் கூட்டிவரப் போனதுல எனக்கு மிச்சம் என்னன்னு எனக்குத்தான் தெரியும். போ. போய்ப் பொம்பளைங்களுக்கு விறகு எடுத்துக் குடு."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே பெக்கானி விறகுப் பக்கம் நடந்தான். படட்டும், நன்றாகப் படட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தான். அந்த நினைப்பு இனிப்பாகக்கூட இருந்தது.

விறகுக் குவியலுக்குப் பக்கத்துக் குடிசையில் மணப்பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். தோபிலே உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"பெக்கானி அண்ணா, வா இங்க. முகம் ஏன் இப்படி இருக்கு? மறுபடி திட்டிட்டாரா?"

"அவருக்கு வேற என்ன வேலை?"

"விடு. எனக்கு ஒண்ணு செய்வியா? இன்னிக்கு அவருக்கு நீ புகழ் பாடணும்."

புகழ் பாடாமல் யாரும் களத்தில் இறங்குவதில்லை. கம்பைச் சுழற்றி ஆடிக்கொண்டு ஒருவன் உள்ளே வரும்போது, அவன் வீட்டு ஆள் ஒருவன் உரத்த குரலில் அவன் பெருமைகளை அடுக்க வேண்டும். கேட்பவனுக்கு உடம்பில் இரத்தம் ஏறும், எதிராளிக்குக் கொஞ்சம் இறங்கும்.

"கூலிக்குக் கத்துறவன் கத்தட்டுமே. நான் எதுக்கு?"

"நாளையிலிருந்து நான் அந்த வீட்டுல தண்ணி தூக்கணும். அண்ணன் தோத்தா, குடத்தைத் தூக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவாங்க. உன் குரல் நம்ம அப்பா குரல். அது கேட்டா அவரு சாயமாட்டாரு. எனக்குச் சீரா வேற எதுவும் வேணாம், இது போதும்."

பெக்கானி வேலிப் பக்கம் போய்ச் செய்தியைத் திறந்தான்.

"சும்மா விட்ட கதைதான் அது. எனக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது. அவன் மணிக்கட்டு நல்லா இருக்கும். நம்பாத," என்று எழுதி அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. "தூ. நெனச்சேன். நல்லவேளை கேட்டேன். உன் தோலை உரிச்சுச் செருப்பு தெச்சுக்குறேன் இரு."

பெக்கானிக்கு மூச்சு வந்தது. தன் பொய்யால் அண்ணன் பிழைத்தான் என்று நினைத்தான். உடம்பு லேசாகிவிட்டது. அந்த லேசில் அண்ணன் மேல் இருந்த கோபம்கூடக் கரைந்து, வேறெதுவோ பொங்கி வந்தது.

ஆற்றையொட்டிய சமவெளியில் கூட்டம் வட்டம் கட்டியது. ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், மறுபக்கம் ங்குபானே ஆட்கள். சோளப் பியர் பானை கைமாறிக்கொண்டிருந்தது. வெலாபி முதலில் இறங்கினான். ஒல்லி, நீண்ட கை. கேடயத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து அதன் விளிம்புக்கு மேலே கண்ணை மட்டும் காட்டினான். அடி எங்கே போகும் என்பதை முதலில் சொல்வது கண்தான். கேடயத்துக்கு அதை மறைக்கிற வேலையும் உண்டு.

ஃபலாக்கே ஆடிக்கொண்டு வந்தான். பெக்கானி வட்டத்தின் விளிம்புக்குப் பாய்ந்தான்.

"மலைமேலிருந்து உருளும் கல்லே, குறுக்கே நிற்பவனைக் கேட்டா உருள்வாய்?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஃபலாக்கேயே ஒரு கணம் அசந்து நின்றான்.

"துகேலா பெருகிய நாளில் கால் நனையாமல் கடந்தவனே! பூட்டிய கதவே! உன் சாவி ஆற்றில் போட்ட சாவி!"

குரல் கணீரென்று மலையில் மோதித் திரும்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். பெக்கானி கண்களில் நீர் வழிய, நரம்பு புடைக்க, உள்ளத்தைக் கொட்டிக் கத்தினான்.

எதிரே கேடயத்தின் விளிம்புக்கு மேலே இருந்த இரண்டு கண்கள் மெல்ல அவன் பக்கம் திரும்பின. ஃபலாக்கேயை விட்டுவிட்டு, அவனையே பார்த்தன.

பெக்கானிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் குரல் வெலாபியின் போனில் இருக்கிறது.

வாய் பாதியில் நின்றது. ஆனால் குரலைத் திருப்பி விழுங்க முடியாதே. வெலாபியின் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. முகம் தெரியாத ஒருவன் சொன்னால் கதை. சொந்தத் தம்பி சொன்னால் அது கதையாக இருக்காது. அப்படியென்றால் காலையில் அனுப்பிய மறுப்புத்தான் பொய்.

வெலாபி புன்னகை செய்தான்.

ஃபலாக்கே வழக்கம்போல் முதலில் பாய்ந்தான். தோளுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. வெலாபி இரண்டையும் காப்புக் கம்பில் வாங்கிப் பின்வாங்கினான். அவன் மறுபடி பாய்ந்தான், இவன் மறுபடி பின்வாங்கினான். ங்குபானே ஆட்கள் ஆரவாரித்தார்கள். வெலாபி மூச்சைச் சேமிக்கிறான் என்று பெக்கானிக்கு மட்டும் தெரிந்தது. பாய்கிறவன் எப்போதாவது மூச்சு வாங்க நிற்பான்.

ஃபலாக்கே நின்றான்.

வெலாபியின் கம்பு கணுக்காலுக்கு இறங்கியது. ஃபலாக்கே தோளைச் சாய்த்துத் தடுத்தான். கம்பு பின்னால் போகவில்லை. விலா திறந்து கிடந்ததைப் பற்றிக் கவலையே இல்லாமல், பட்ட இடத்திலிருந்தே மேலே ஏறியது. காப்புக் கம்பு பாதி வழியில் இருந்தது. அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது, தேங்காய் உடைகிற சத்தத்தோடு.

ஃபலாக்கே சாயவில்லை. வெலாபி மறுபடி அதையே செய்தான். கால், தலை. அதே இடம். மூன்றாவது முறை செய்ய அவசியமே இல்லை, தோல் பிளந்து ஒரு கண்ணை இரத்தம் மூடியிருந்தது. இருந்தும் செய்தான். எல்லாரும் பார்க்கட்டும் என்று நிதானமாக, பாடம் நடத்துவதுபோல. கால். தலை.

ஃபலாக்கே மண்டியிட்டான். "குமு," என்றான். அந்தச் சொல்லுக்குப் பிறகு அடிக்கக் கூடாது. வெலாபி கம்பைத் தாழ்த்தினான்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "ஆம்பளையோட காயத்தப் பாத்துச் சிரிக்காதே," என்று அவர்கள் ஆளே அவனை அதட்டினான்.

அடித்தவனே அடிபட்டவனை ஆற்றுக்கு அழைத்துப் போய்க் காயத்தைக் கழுவ வேண்டும். களத்துப் பகை களத்தோடு போயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். கழுவாமல் விட்டால் பகை வீட்டுக்கு வந்துவிடும். ஃபலாக்கேயைக் கரையில் ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். மாசித்தோலே குடத்தோடு வந்தாள். இரண்டு பக்கத்து ஆட்களும் சுற்றி நின்றார்கள்.

வெலாபி குடத்தில் நீர் மொண்டு ஒரு கை ஊற்றினான். நிறுத்தினான்.

"நான் அடிச்சதை நான் கழுவிட்டேன், ங்குபானே. மிச்சம் என்னோடது இல்ல."

"யாரோடது?"

"உன் வீட்டு ஆளுது." வெலாபி இடுப்பிலிருந்து போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினான்.

ஆற்றின் சலசலப்புக்கு மேலே பெக்கானியின் குரல் கேட்டது. காலுக்குப் போடு, தடுப்பான். கம்பைப் பின்னால இழுக்காம அப்படியே தலைக்கு ஏத்து. சற்றுமுன் புகழ் பாடிய அதே கணீர்க் குரல்.

வெலாபி குடத்தைப் பெக்கானியிடம் நீட்டினான். "இந்தா, முதலை. தண்ணிக்குள்ள இருக்குறவன்தானே நீ."

பெக்கானி வாங்கினான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அண்ணனின் நெற்றியில் நீர் ஊற்றினான். நீர் கண்ணிலும் மூக்கிலும் ஓடியது. ஃபலாக்கே அசையாமல் உட்கார்ந்திருந்தான், வலிக்கிறது என்றுகூடக் காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே, காலையில நான் அவன்கிட்ட அது பொய்யின்னு..."

"நல்லா கழுவு. மண்ணு இருக்கப்போகுது."

கழுவி முடித்தான். ஃபலாக்கே எழுந்தான். ஒரு பக்கக் கண் மூடியிருந்தது, மறுகண் தெளிவாக இருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் நான்தான் தலைவன்," என்றான் கூட்டத்திடம். "அடுத்த சனிக்கிழமை கட்டிக்குடுத்த பொண்ணைப் பாக்க நாம அவங்க ஊருக்குப் போறோம். அங்க கம்போட முன்னால யார் நிக்கிறதுன்னு சொல்ற உரிமை எனக்கு இருக்கு. என் தம்பி நிப்பான். எதிர்ல வெலாபி."

"அண்ணே, நான் கம்பு பிடிச்சே..."

ஃபலாக்கே அவனைப் பார்க்கவில்லை. வெலாபியின் தோளில் கை வைத்தான், சம்பந்தி வீட்டுப் பையனிடம் வைப்பதுபோல. பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தான்.

"கேட்டுக்க. முதல் பாவ்லாவுக்கு இவன் அசைய மாட்டான். ரெண்டாவதுக்குக் கண்ணை மூடுவான். சின்ன வயசுலேருந்தே அப்படி. அடி பட்டா வலது காலைப் பின்னால இழுப்பான், அப்போ கேடயம் தொப்புளுக்கு இறங்கிரும், தலை உன்னோடது. களைச்சா பேச ஆரம்பிப்பான். பேசினா மூச்சு தீந்துச்சுன்னு அர்த்தம். இடது முட்டியில ஒரு பழைய வீக்கம் உண்டு, வெளிப்பக்கமா தட்டு, மடங்கும்."

வெலாபி தலையாட்டிக்கொண்டே கேட்டான். யாரோ ஒருவன் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பெக்கானி வெறும் குடத்தோடு நின்றான். அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆட்கள் அவன் காலையும் முட்டியையும் கண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான் ஃபலாக்கே. "பெருசு. அதை இங்க சொல்ல மாட்டேன். சனிக்கிழமை இவனுக்கு நான்தான் புகழ் பாடுவேன். அப்போ சொல்றேன், எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

கூட்டம் மேடேறியது. மேலே மணப்பெண்ணுக்கான பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. கரையில் அண்ணியும் அவனும் மட்டும் நின்றார்கள்.

"அண்ணி, அது என்ன? அந்தப் பெருசு?"

மாசித்தோலே அவன் கையிலிருந்து குடத்தை வாங்கினாள். ஆற்றில் முக்கி, இரத்தம் பட்ட விளிம்பை விரலால் தேய்த்துக் கழுவினாள். நிதானமாகத்தான் கழுவினாள்.

"உனக்கு நிஜமாவே தெரியாதா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் மேடேறிப் போனாள்.